புல்லுக்கு அடியில் ஒரு கோட்டை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், இங்கிலாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள மால்வெர்ன் மலைத்தொடரில் நடந்து திரும்பியதைப் பற்றி எழுதியிருந்தேன். இரும்புக் கால மக்கள் அமைத்த மலைக்கோட்டைகள் அங்கே இரண்டு உச்சிகளில் இருப்பதையும், அங்கிருந்து பல மாவட்டங்களின் வயல்வெளிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெரிவதையும் அதில் குறிப்பிட்டிருந்தேன். அதை ஒட்டி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் வூஸ்டர் நகரில் வேலை பார்க்கிறாள். மே மாதம் அவளிடம் போய் இரண்டு மாதம் தங்கப் போகிறேன். உங்கள் கட்டுரையைப் படித்ததிலிருந்து அந்த மலைக்குப் போக ஆசையாக இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே அங்கே போய் வந்த உறவினர் ஒருவர், "அங்கே கோட்டையே கிடையாது, வெறும் புல் மேடுதான், ஏமாந்து போவீர்கள்" என்கிறார். யார் சொல்வதை நம்புவது?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் உறவினர் பொய் சொல்லவில்லை. அவர் எதைத் தேடிப் போனார் என்பதில்தான் சிக்கல். கோட்டை என்றதும் நம் மனக்கண்ணில் செஞ்சியும் வேலூரும் வந்து நிற்கின்றன. கருங்கல் மதிலும் கொத்தளமும் வாயிலும் இல்லாத ஒன்றைக் கோட்டை என்று ஒப்புக்கொள்ள மனம் வருவதில்லை. மால்வெர்னில் வாழ்ந்த மக்களோ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே மண்ணையும் உடைந்த பாறையையும் மரத்தையும் கொண்டு தங்கள் அரணை அமைத்தார்கள். மலையைச் சுற்றிச் சரிவை வெட்டிச் செங்குத்தாக்கி, அதன் அடியில் அகழி தோண்டி, தோண்டிய மண்ணை வெளிப்பக்கம் கரையாகக் குவித்தார்கள். மரமெல்லாம் மக்கிப் போயிற்று. மண் அப்படியே நிற்கிறது, அதன்மேல் புல் படர்ந்திருக்கிறது. ஆகவே அவர் பார்த்த புல் மேடுதான் கோட்டை.

பிரிட்டிஷ் கேம்ப் என்று அழைக்கப்படும் இந்தக் கோட்டை, ஹெரிஃபோர்ட்ஷயர் பீக்கன் என்ற 338 மீட்டர் உயர மலையின் தலைப்பகுதி முழுவதையும் சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறது. அரணுக்குள் அடங்கும் பரப்பு சுமார் 13 ஹெக்டேர், அதாவது 32 ஏக்கர். இது ஒரே மூச்சில் கட்டப்பட்டதன்று. முதலில் உச்சியை மட்டும் வளைத்துச் சிறிய அரண் எழுப்பினார்கள். பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீட்டிப் பெரிதாக்கினார்கள்.

நான் முதன்முறை போனபோது உச்சி வெயில். எனக்கும் புல் மேடுதான் தெரிந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை மாலை ஏழு மணிக்கு ஏறினேன். மே மாதக் கடைசியில் அங்கே இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். சூரியன் மேற்கே தாழ்ந்து ஒளி சாய்வாக விழும்போது ஒவ்வொரு கரைக்கும் ஒரு நிழல் உண்டாகி, மலை முழுவதும் கொலுப்படி வைத்ததுபோல் அடுக்கடுக்காக எழுந்து நின்றது. உள்ளே சரிவுகளில் வட்ட வட்டமாகச் சிறு பள்ளங்களும் தட்டையான தளங்களும் தென்பட்டன. குடிசைகள் இருந்த இடங்கள் அவை. நண்பகலில் அவற்றின் மேலேயே நடந்து போயிருக்கிறேன், கண்ணில் படவில்லை.

ஒன்று செய்து பாருங்கள். ஏறும் வழியில் அகழி குறுக்கிடும் இடத்தில் இரண்டு நிமிடம் நில்லுங்கள். அதுவரை காதில் இரைந்துகொண்டிருந்த காற்று சட்டென்று அடங்கிவிடும். பக்கத்தில் செம்மறியாடு புல்லைக் கடித்து இழுக்கும் ஓசைகூடக் கேட்கும். அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால், தாக்க வந்தவனுக்கு அந்தச் சரிவு எப்படித் தோன்றியிருக்கும் என்பது விளங்கும். பிறகு மேலே ஏறி நின்றால் காற்று மறுபடியும் முகத்தில் அறையும். காவல் நின்றவன் பார்த்த நாடு முழுவதும் உங்கள் காலடியில் விரியும். இந்த மலையில் இயற்கைக் காட்சி வேறு, கோட்டை வேறு என்று பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தப் பார்வை கிடைக்கிறது என்பதற்காகத்தான் அங்கே மண் சுமந்திருக்கிறார்கள்.

உச்சியில் தனியாக ஒரு வட்ட மேடு இருக்கிறது. அது இரும்புக் காலத்தது அன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் கழித்து, பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்தில், பழைய அரணுக்குள்ளேயே எழுப்பிய சிறு காவற்கோட்டையின் அடையாளம்.

கேள்வி: காரடகஸ் என்ற பிரிட்டன் அரசன் இந்த மலையில்தான் ரோமானியரை எதிர்த்துக் கடைசிப் போர் புரிந்தான் என்று ஒரு காணொளியில் கேட்டேன். உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?
— ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, வேண்டுமென்றே தவிர்த்தேன். காரடகஸ் கற்பனை மனிதர் அல்லர். கி.பி. 43இல் ரோமப் படை பிரிட்டனில் இறங்கிய பிறகு, மேற்கே வேல்ஸ் பகுதிக் குடிகளைத் திரட்டிப் பல ஆண்டுகள் எதிர்த்து நின்றவர். இறுதியில் தோற்று, வடக்கே பிரிகாண்டி மக்களின் அரசி கார்ட்டிமண்டுவாவிடம் அடைக்கலம் தேடினார். அவளோ அவரை ரோமானியரிடம் ஒப்படைத்துவிட்டாள். ரோம் நகரில் பேரரசர் கிளாடியஸ் முன் நிறுத்தப்பட்டபோது அஞ்சாமல் பேசி, உயிரோடு விடப்பட்டார் என்பது வரை பதிவு இருக்கிறது.

கடைசிப் போர் நடந்த இடம்தான் கேள்விக்குரியது. ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அந்தப் போர்க்களத்தை விவரிக்கும்போது, மலையின் முன்னே கடப்பதற்கு அரிய ஓர் ஆறு ஓடியதாகச் சொல்கிறார். பிரிட்டிஷ் கேம்ப் மலையடியில் அப்படி ஓர் ஆறு இல்லை. செவர்ன் ஆறு கிழக்கே சில மைல் தள்ளி ஓடுகிறது. வடக்கே ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில், காரடகஸின் பெயரையே தாங்கிய கேர் கரடாக் என்ற மலைக்கோட்டையும் இதே பெருமைக்கு உரிமை கோருகிறது. உள்ளூர் மக்கள் தங்கள் மலையோடு ஒரு வீரனைச் சேர்த்துப் பார்ப்பதில் அன்பு இருக்கிறது. அதை வரலாறு என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆதாரமுள்ள சண்டை ஒன்று இதே மலைமுகட்டில் நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் க்ளாஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேருக்கும் ஹெரிஃபோர்ட் ஆயருக்கும் (பிஷப்) வேட்டையுரிமை பற்றித் தகராறு மூண்டது. அதன் விளைவாகப் பிரபு 1287இல் மலைமுகட்டின் வழியே எல்லை அகழி ஒன்றை அமைத்தார். தம் பக்கத்து மான்கள் எல்லை தாண்டாமலும், ஆயர் பக்கத்து மான்கள் இந்தப் பக்கம் குதித்து வந்தால் திரும்ப முடியாமலும் வேலியை வைத்தார் என்று சொல்வார்கள். அந்தப் பள்ளத்தின் சில பகுதிகள் பிரபுவின் காலத்துக்கும் மிக முற்பட்டவையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். முகட்டில் நடப்பவர்கள் நெடுந்தூரம் அதன் ஓரமாகவேதான் நடக்கிறார்கள். சொன்னால் ஒழிய வாய்க்கால் என்றே நினைத்துக்கொள்வோம்.

கேள்வி: நீங்கள் வெளியிட்ட இரண்டு படங்களில், ஒரு பக்கம் தரை சமவெளியாகவும் மறு பக்கம் மேடு பள்ளமாகக் காடு அடர்ந்தும் இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் எடுத்தவையா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: ஒரே இடத்தில் நின்று, முதுகைத் திருப்பி எடுத்தவை. இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு மகிழ்ச்சி, ஏனென்றால் அந்த மலையின் உயிரான செய்தி இதுதான்.

மால்வெர்ன் மலை என்பது வடக்கு தெற்காகச் சுமார் 13 கிலோமீட்டர் நீளத்துக்கு நிற்கும் ஒடுங்கிய பாறை முதுகு. அதன் பாறை ஏறத்தாழ 68 கோடி ஆண்டுகள் பழையது. பூமியின் ஆழத்தில் இறுகிக் கடினப்பட்டது. மலையின் கிழக்கு அடிவாரம் நெடுக ஒரு பெரும் நிலப்பிளவு ஓடுகிறது. அதற்கு அப்பால் தரை கீழே இறங்கிவிட, மலையைவிட மிக இளைய செந்நிறக் களிப்பாறை அங்கே படிந்தது. மென்மையான பாறை என்பதால் எளிதில் தேய்ந்து செவர்ன் ஆற்றின் அகன்ற சமவெளியாயிற்று. மேற்கே கிடப்பவை பழைய கடலடியில் உருவான சுண்ணாம்புப் பாறையும் களிப்பாறையும். அவை மடிந்து நெளிந்ததால், கெட்டியான அடுக்குகள் மரம் அடர்ந்த மேடுகளாகவும், இளகிய அடுக்குகள் பள்ளத்தாக்குகளாகவும் மாறி மாறி அமைந்துவிட்டன.

தொடரின் மிக உயர்ந்த சிகரமான வூஸ்டர்ஷயர் பீக்கன் (425 மீட்டர்) உச்சியில், விக்டோரியா அரசியின் வைர விழாவை ஒட்டி 1897இல் நிறுவிய திசைகாட்டி மேடை இருக்கிறது. வட்டமான உலோகத் தகட்டில் கோடுகள் கீறி, எந்தத் திசையில் எந்த ஊர், எந்த மலை என்று பொறித்திருக்கிறார்கள். விரலை ஒரு கோட்டின் மேல் வைத்து அப்படியே தலையை நிமிர்த்தினால் கிழக்கே காட்ஸ்வோல்ட் மேட்டுநிலமும் மேற்கே வேல்ஸின் கருமலைகளும் தெரியும். தென்கிழக்கில் தனித்து நிற்கும் பிரெடன் மலையையும் பார்க்கத் தவறாதீர்கள். அதன் விளிம்பிலும் ஒரு மலைக்கோட்டை உண்டு. 1930களில் அங்கே அகழ்ந்தபோது, வாசலருகில் வெட்டுண்டு கிடந்த பலருடைய எலும்புகள் கிடைத்தன. அமைதியாகத் தோன்றும் அந்தக் காட்சியை அதன் பிறகு என்னால் பழைய கண்ணோடு பார்க்க முடிந்ததில்லை.

பாறையின் கடினத்துக்கு இன்னொரு பலனும் உண்டு. மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி ஊற்றாக வெளிவரும்போது, பாறையிலிருந்து மிகச் சொற்பமான உப்புகளே அதில் கரைகின்றன. அந்தத் தூய நீரின் புகழால்தான் 1840களில் மால்வெர்ன் நகரம் நீர்ச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது. சார்லஸ் டார்வின் நோயுற்ற தம் மகள் ஆனியை அங்கே அழைத்து வந்தார். 1851இல் பத்து வயதில் இறந்த அக்குழந்தையின் கல்லறை இன்றும் அந்நகரின் தேவாலய வளாகத்தில் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் லெஸ்டரில் வசிக்கிறோம். பிரிட்டிஷ் கேம்ப் போயிருந்தபோது பிள்ளைகள் புல் சரிவில் சறுக்கி விளையாடினார்கள். அங்கே வந்த ஒரு மூதாட்டி, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்று கண்டித்தார். திறந்த மலையில் இவ்வளவு கட்டுப்பாடு தேவைதானா?
— வாசகர், லெஸ்டர்

பதில்: அந்த அம்மையார் சொன்னது சரி என்பதே என் எண்ணம், பிள்ளைகளிடம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். கல் மதிலில் ஆயிரம் பேர் ஏறினாலும் எளிதில் தேயாது. மண் அரணைக் காப்பது அதன் மேலுள்ள புல்லின் வேர் மட்டுமே. ஒரே இடத்தில் பலர் சறுக்கினால் புல் கிழிகிறது. அடுத்த மழையில் அந்தக் கீறல் வழியே நீர் ஓடுகிறது. சில குளிர்காலங்களில் உள்ளங்கை அகலக் கீறல் ஓர் ஓடையாகிவிடும். கரைந்து இறங்கிய மண்ணைத் திரும்பக் கொட்டி மேடாக்கலாம், ஆனால் அது இரும்புக் கால மனிதர் குவித்த மண்ணாக இராது. அதனால்தான் ஏறுவதற்குப் படிகளோடு உறுதியான பாதை போட்டிருக்கிறார்கள். உலோகம் கண்டறியும் கருவியை அனுமதியின்றி இத்தகைய பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பயன்படுத்துவது சட்டப்படியே குற்றம்.

திறந்த மலையாக அது நமக்குக் கிடைத்திருப்பதும் கட்டுப்பாட்டினால்தான். ஆக்கிரமிப்பிலிருந்து பொதுநிலத்தைக் காக்க 1884இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி ஒரு காப்பாளர் அமைப்பை ஏற்படுத்தியது. அதன் பிறகும் கல் உடைப்பு நெடுங்காலம் தொடர்ந்தது. குவாரிகள் தின்ற இடங்களை மலையின் பக்கவாட்டில் இன்றும் காணலாம். பிள்ளைகளை மறுபடி அழைத்துப் போங்கள். கோட்டைக்கு வெளியே ஓடி விளையாட எவ்வளவோ புல்வெளி இருக்கிறது.

கேள்வி: ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். முழங்கால் வலியும் உண்டு. எந்த மலை, எந்த வழி?
— வாசகர், சென்னை

பதில்: முழுத் தொடரையும் ஒரே நாளில் கடக்க ஐந்தாறு மணி நேரம் ஏறி இறங்க வேண்டும்; உங்களுக்கு வேண்டாம். பிரிட்டிஷ் கேம்ப் மட்டும் போதும். நெடுஞ்சாலையோரம் கோட்டையின் அடிவாரத்திலேயே வண்டி நிறுத்துமிடம் உண்டு. அங்கிருந்து நூறு மீட்டர் அளவே ஏற்றம். நின்று நின்று போனாலும் நாற்பது நிமிடத்தில் உச்சியை அடையலாம். இறங்கும்போதுதான் முழங்கால் பேசும், ஆகவே ஊன்றுகோல் அவசியம். செருப்பு வேண்டாம், ஈரப் புல் வழுக்கும், பிடிப்புள்ள காலணி அணியுங்கள். கீழே இதமாக இருந்தாலும் மேலே காற்று எலும்பைத் துளைக்கும் என்பதால் காதை மூட ஒரு குல்லாய் எடுத்துச் செல்லுங்கள். ரயிலில் வருவதானால் பர்மிங்காமிலிருந்து கிரேட் மால்வெர்ன் நிலையத்துக்கு நேரடி வண்டிகள் உள்ளன. அங்கிருந்து வாடகைக் கார் பிடிக்கலாம். சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். மேலே கடை எதுவும் இல்லை. காற்று வீசும் நாளில் உண்பதற்கு ஏற்ற இடம், உச்சிக்குச் சற்றுக் கீழே பாதை கடக்கும் அகழியின் உட்புறம்.