கிளாஸ்ட்ரம் யாரோடு பேசுகிறது? கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் கற்பிக்கிறேன். மூளையின் பகுதிகளில் கிளாஸ்ட்ரத்தின் மேல் எனக்குத் தனிப் பிரியம். அதைப் பற்றி வந்த கேள்விகளையும் என் பதில்களையும் தந்திருக்கிறேன்.

கேள்வி: வணக்கம் அம்மா. மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். கிளாஸ்ட்ரம் மூளையில் எங்கே இருக்கிறது?

வணக்கம் ஐயா. ஒரு காதிலிருந்து மறு காதுவரை மூளையைக் குறுக்கே வெட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூளையின் மேற்பரப்புச் சாம்பல் நிற உறைதான் புறணி. அதில் பக்கவாட்டு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் பகுதி இன்சுலா. அதற்கு உட்புறம் பியூட்டமென் என்ற பெரிய சாம்பல் நிறத் திரள். இந்த இரண்டுக்கும் நடுவில், பென்சிலால் இழுத்த கோடுபோல் ஒரு சாம்பல் நிறத் தகடு தெரியும். அதுதான் கிளாஸ்ட்ரம். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று. இருபுறமும் வெண்ணிற நரம்பிழைப் படலங்கள் அதை அடைத்து நிற்கின்றன. அடைபட்ட இடம் என்று பொருள்படும் லத்தீன் சொல் பெயராக வந்தது அதனால்தான்.

கேள்வி: மேடம், நான் முதலாண்டு மருத்துவ மாணவி. 'பெருமூளைப் புறணி முழுவதோடும் இருவழி இணைப்பு உண்டு' என்று என் பாடநூலில் ஒரே வரிதான் இருக்கிறது. தேர்வுக்கு அது போதுமா?

தேர்வுக்குப் போதும். ஆனால் அந்த வரி பாதி உண்மைதான், அம்மா. இணைப்பு உண்டு என்பதோடு நிறுத்தக் கூடாது. புறணி ஆறு அடுக்குகளால் ஆனது. இழை எந்த அடுக்கிலிருந்து புறப்படுகிறது, எந்த அடுக்கில் போய் இறங்குகிறது, எந்தப் பகுதியோடு நெருக்கம் அதிகம் என்று கேட்க வேண்டும்.

1981இல் லெவே, ஷெர்க் என்ற இருவர் பூனையின் மூளையில் இதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்தார்கள். பார்வைப் புறணியின் ஆறாம் அடுக்கு நரம்பணுக்கள் கிளாஸ்ட்ரத்துக்கு இழை அனுப்புகின்றன. அங்கிருந்து திரும்பிவரும் இழைகள் முக்கியமாக நான்காம் அடுக்கிலும் ஆறாம் அடுக்கிலும் இறங்குகின்றன. பூனை காணும் வெளியின் வரைபடம் ஒன்று கிளாஸ்ட்ரத்தின் அந்த மூலையில் ஒழுங்காக விரிந்திருக்கிறது.

எலிகளிடம் வந்தால் படம் மாறுகிறது. சுண்டெலியில் கிளாஸ்ட்ரத்தின் உறவு நெற்றிப்பக்கப் புறணியோடும், அரைக்கோளத்தின் உட்பக்கச் சுவரில் உள்ள சிங்குலேட் புறணியோடும்தான் வலுவானது. தொடுதல், பார்வை ஆகியவற்றின் முதல்நிலைப் புறணிகளோடு உள்ள இணைப்பு மெலிது. அதைவிட வியப்பான செய்தியை ஸ்மித்தும் அல்லோவேயும் 2010இல் எழுதினார்கள். வெள்ளெலியின் மீசையை அசைக்கும் இயக்கப் புறணி, தன் பக்கத்துக் கிளாஸ்ட்ரத்தைக் காட்டிலும் எதிர்ப்பக்கத்துக் கிளாஸ்ட்ரத்துக்கே அதிக இழைகளை அனுப்புகிறது. கிளாஸ்ட்ரமோ தன் பக்கத்துப் புறணிக்கே பதில் அனுப்புகிறது. ஆக, ஒரு அரைக்கோளத்தின் செய்தி இதன் வழியாக மறு அரைக்கோளத்துக்குப் போய்ச் சேர்கிறது. 'இருவழி' என்ற ஒற்றைச் சொல்லில் இவ்வளவும் மறைந்துபோகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

கேள்வி: பிரான்சிஸ் கிரிக் இதை இசைக்குழுவின் நடத்துநருக்கு ஒப்பிட்டார் என்று படித்தேன். நம் உணர்வுநிலையின் இருப்பிடம் இதுதானா?

டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான கிரிக்கும், மூளை ஆய்வாளர் கிறிஸ்டோப் காஃகும் எழுதிய அந்தக் கட்டுரை 2005இல் வெளிவந்தது. 2004 ஜூலையில் இறக்கும்வரை கிரிக் அதைத் திருத்திக்கொண்டிருந்தார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் மரியாதை வேறு, சான்று வேறு. பார்வையையும் ஒலியையும் ஒன்றாகப் பின்னும் இடம் இதுவென்றால், இரண்டுக்கும் எழும்பும் நரம்பணுக்கள் இங்கே நிறைந்திருக்க வேண்டும். ரெமெடியோஸ், லோகோதெட்டிஸ், கைசர் மூவரும் 2010இல் விழித்திருக்கும் குரங்குகளில் பதிவுசெய்தபோது, ஒலிக்கு ஒரு வட்டாரம், பார்வைக்கு வேறொரு வட்டாரம் என்று தனித்தனியாகத்தான் இருந்தன. பெரும்பாலான நரம்பணுக்கள் ஒரே புலனுக்குத்தான் எழும்பின. கிரிக்கின் உருவகத்தை நான் வகுப்பில் சொல்வதுண்டு. உடனே இந்தப் பதிவையும் சொல்லிவிடுவேன்.

கேள்வி: அங்கிருந்து வரும் சமிக்ஞை புறணியைத் தூண்டுமா, அடக்குமா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கிளாஸ்ட்ரத்திலிருந்து புறணிக்குச் செல்லும் இழைகள் குளூட்டமேட் சுரப்பவை, அதாவது தூண்டுபவை. எனவே புறணி பரபரப்பாகும் என்று எதிர்பார்ப்போம். சுண்டெலியில் 2018இல் வெளிவந்த ஆய்வு நேர்மாறாகக் காட்டியது. அந்த இழைகள் முன்நெற்றிப் புறணியில் அடக்கும் வகை நரம்பணுக்களை வலுவாக எழுப்பிவிடுகின்றன. அவை எழுந்ததும் முதன்மை நரம்பணுக்கள் அடங்கிவிடுகின்றன. காவலரைத் தட்டி எழுப்பினால் தெரு அமைதியாவதுபோல.

2020இல் ஜப்பானின் ரிக்கென் நிறுவனத்தார் இதைப் பெரிய பரப்பில் காட்டினார்கள். சுண்டெலியின் கிளாஸ்ட்ரம் நரம்பணுக்களை ஒளியால் தூண்டினார்கள். புறணியின் பல பகுதிகளும் ஒருசேர மௌனமாயின. ஆழ்ந்த தூக்கத்தில் எழும் மெதுவலைகளில் வரும் அதே வகை மௌனம் அது. கிளாஸ்ட்ரத்தின் சில நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் புறணியின் தொலைதூரப் பகுதிகளுக்கெல்லாம் கிளைவிடுகின்றன என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். சிறிய தகடு அவ்வளவு பெரிய பரப்பை எப்படி எட்டுகிறது என்பது விளங்கும்.

கேள்வி: கிளாஸ்ட்ரத்தில் மின்சாரம் செலுத்தியதும் ஒரு பெண்ணின் சுயநினைவு அணைந்துவிட்டதாமே?

2014இல் வெளியான செய்தி அது. வலிப்பு நோய்க்காக மூளைக்குள் மின்முனை வைத்திருந்த 54 வயதுப் பெண்மணி. இடப்பக்கக் கிளாஸ்ட்ரத்தை ஒட்டிய முனையில் மின்சாரம் செலுத்தியதும் செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்த்தார். மின்சாரத்தை நிறுத்தியதும் மீண்டார், நடந்தது எதுவும் அவர் நினைவில் இல்லை. ஆனால் அது ஒரே ஒரு நோயாளி. 2019இல் வேறு ஐந்து பேரின் கிளாஸ்ட்ரத்தைத் தூண்டியபோது உணர்வுநிலை மாறவில்லை. அதை சுவிட்ச் என்று அழைப்பதை விட்டுவிடுவோம்.

கேள்வி: அப்பாவுக்குப் பக்கவாதம். கிளாஸ்ட்ரத்துக்கு அருகில் இரத்தக் கசிவு என்று ஸ்கேன் அறிக்கையில் இருக்கிறது. நினைவு தப்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தம்பி, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு பயப்படாதீர்கள். இரத்த அழுத்தத்தால் வரும் கசிவு பியூட்டமென் பக்கத்தில் அடிக்கடி நேர்வது. கிளாஸ்ட்ரம் பக்கத்து வீட்டுக்காரர், அதனால் பெயர் வந்திருக்கும். கசிவு எவ்வளவு பெரியது, கை கால்களுக்கான இழைகளை அழுத்துகிறதா என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேளுங்கள். அதுதான் அப்பாவுக்கு முக்கியம்.

கேள்வி: பாலூட்டிகள் எல்லாவற்றுக்கும் இது உண்டா?

முட்டையிடும் பாலூட்டிகளில் இல்லை என்று 2002இல் ஒரு கட்டுரை வந்தது. அவற்றில் ஒன்றான, முள் போர்த்த எகிட்னாவில் இருக்கிறது என்று 2004இல் மறுப்பும் வந்தது. எலிகளில் இன்சுலாவையும் கிளாஸ்ட்ரத்தையும் பிரிக்கும் வெளிப்புற வெண்படலம் கிடையாது. எல்லை எது என்ற சச்சரவு அங்கே ஓய்வதில்லை.

கேள்வி: இந்த இழைகளை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மனிதர்களிலும் அதே முறைதானா?

விலங்குகளில் புறணியின் ஓரிடத்தில் சாயம் செலுத்துவார்கள். இழையின் நுனி அதை உறிஞ்சி, பின்னோக்கி நரம்பணுவின் உடல்வரை கொண்டுபோகும். சில நாள் கழித்து கிளாஸ்ட்ரத்தில் எந்த அணுக்கள் நிறமேறியிருக்கின்றன என்று பார்த்தால் போதும், புறப்பட்ட இடம் தெரிந்துவிடும். உயிருள்ள மனிதரிடம் இதைச் செய்ய முடியாது. எம்ஆர்ஐயில் நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை வைத்து இழைகளின் பாதையை ஊகிக்கிறோம். அந்தப் படம் இழை போகிறதா வருகிறதா என்று சொல்லாது. படத்தின் ஒரு கட்டம் வழக்கமாக 2 மில்லிமீட்டர் அளவு. கிளாஸ்ட்ரம் பல இடங்களில் அதைவிட மெலிது. அந்த ஒரே கட்டத்துக்குள் இருபுறத்து வெண்படலங்களின் இழைகளும் சேர்ந்தே விழுகின்றன.