சிறுவயதில் பட்ட கொடுமைகளுக்கும் வளர்ந்தபின் வரும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2023-ல் 'நியூராலஜி' இதழில் வந்த ஆய்வு, 19 நாடுகளைச் சேர்ந்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. 18 வயதுக்குள் அடி, பாலியல் கொடுமை, புறக்கணிப்பு என ஒன்றையாவது அனுபவித்தவர்களுக்கு மைக்ரேன், டென்ஷன் தலைவலி போன்றவை வரும் வாய்ப்பு 48% கூடுதல். நான்கு அல்லது அதற்கு மேல் என்றால் இரு மடங்குக்கும் அதிகம்.

ஏன்? ஓயாத பயத்தில் வளரும் குழந்தைக்குக் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு ஒழுங்கு கெடலாம். வலியை உணரும் நரம்புகளும் கூர்மையாகிவிடலாம். ஆனால் தொடர்பு இருப்பதாலேயே உங்கள் தலைவலிக்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, பரம்பரையும் உண்டு.

அதற்காக "எல்லாம் மனப்பிரமை" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். வலி நிஜம். நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, முடிந்தால் பழையதையும் சொல்லுங்கள். மருந்தோடு மனநல ஆலோசனையும் தேவையா என்று அவர் பார்ப்பார்.