கணினியில் ஓவியம்: வாசகர் கேள்வி – பதில்

வீட்டுக் கணினியில் ஓவியம் வரைவது குறித்து வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றைச் சுருக்கி இந்த இதழில் தருகிறோம்.

கேள்வி: வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். இளமையில் நீர்வண்ண ஓவியங்கள் வரைந்த பழக்கம் உண்டு. அதைக் கணினியில் தொடர விரும்புகிறேன். போட்டோஷாப்புக்கு மாதந்தோறும் பணம் கட்ட வேண்டும் என்கிறார்கள். கணினிக் கடைக்காரரோ 'கிராக்' செய்த பிரதியைச் சும்மாவே போட்டுத் தருவதாகச் சொல்கிறார். என் கணினியில் 4 ஜி.பி. ரேம்தான் இருக்கிறது. எதைக் கொண்டு தொடங்கலாம்?

பதில்: கடைக்காரர் தருவதாகச் சொல்லும் பிரதியை ஏற்க வேண்டாம். அது சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒருபுறம் இருக்க, அத்தகைய பிரதிகளோடு வைரஸ்களும் கடவுச்சொல் திருடும் நிரல்களும் சேர்ந்து வருவது வாடிக்கை. இணைய வங்கிக் கணக்கைத் திறக்கும் அதே கணினியில் அதை நிறுவுவது நல்லதல்ல. தவிர, போட்டோஷாப் 1990-இல் வெளிவந்தபோதே ஒளிப்படங்களைத் திருத்துவதற்கான கருவியாகத்தான் வந்தது. ஓவியர்கள் பிற்பாடு அதைத் தங்கள் தேவைக்கு வளைத்துக்கொண்டார்கள். வரைவது மட்டுமே நோக்கமானால், அதற்கென்றே உருவாக்கப்பட்ட கிரிட்டா உங்களுக்குப் போதும். அது கட்டற்ற மென்பொருள். அதன் சொந்த இணையதளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஸ்டீம், மைக்ரோசாப்ட் ஸ்டோர் போன்ற இடங்களில் அதற்கு விலை போட்டிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்: மென்பொருள் ஒன்றேதான், அங்கே செலுத்தும் தொகை அதன் வளர்ச்சிப் பணிக்குச் செல்கிறது. இதில் வரைந்த ஓவியம் முழுக்க உங்களுடையது, விற்கவும் தடையில்லை.

ஜிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றின் பெயர்களையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜிம்ப் ஒளிப்படத் திருத்தத்துக்கும் இங்க்ஸ்கேப் சின்னம், சுவரொட்டி எழுத்து போன்ற வெக்டர் (எவ்வளவு பெரிதாக்கினாலும் சிதையாத கோட்டு வடிவ) வேலைகளுக்கும் உரியவை, இவையும் இலவசம். நீர்வண்ணப் பழக்கம் உள்ளவர் என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரிட்டாவின் நீர்வண்ணத் தூரிகைகள் ஈரத் தாளின் தோற்றத்தைத் தருமே தவிர, வண்ணம் தாளில் ஊறிப் பரவி ஓடும் நிகழ்வை அவை உண்டாக்குவதில்லை. அதைக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் ரெபெல் என்ற மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியது. உங்களுடையதைவிட வலுவான கணினியையும் அது எதிர்பார்க்கும்.

4 ஜி.பி. ரேம் கிரிட்டாவுக்கு ஆகக் குறைந்த தேவை என்பதால் சிக்கனம் அவசியம். 300 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 300 புள்ளி) அளவில் ஓர் ஏ4 தாள் என்பது 2480 × 3508 பிக்சல். ஒரு பிக்சலுக்கு நான்கு பைட் என்று கொண்டால், முழுதாக வரைந்து நிரப்பிய லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) ஒவ்வொன்றும் ஏறத்தாழ 35 எம்.பி. நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். இருபது லேயர் சேர்ந்தால் 700 எம்.பி. ஆகிவிடும், செய்ததைத் திரும்பப் பெறும் 'அன்டூ' வசதிக்காக மென்பொருள் நினைவில் வைத்திருப்பவை இதற்கு மேல். ஆகவே முடிந்த லேயர்களை அவ்வப்போது ஒன்றாக இணைத்துவிடுங்கள். வரையும் நேரத்தில் இணைய உலாவியை மூடி வையுங்கள்.

கேள்வி: மவுஸை வைத்தே வரையப் பழகலாமா, அல்லது பென் டேப்லெட் (தனிப் பேனாவால் வரையும் பலகை) வாங்கியே ஆக வேண்டுமா? கடையில் 8192 அழுத்த நிலைகள் கொண்டதுதான் சிறந்தது என்கிறார்கள். – கல்லூரி மாணவி

பதில்: மவுஸால் வடிவங்களை அமைக்கலாம், வண்ணம் நிரப்பலாம், ஆனால் கோட்டின் மென்மையும் அழுத்தமும் கையிலிருந்து வர வேண்டிய இடத்தில் அது உதவாது. கணினி ஓவியத்தில் பணம் செலவிட வேண்டிய பொருள் ஒன்று உண்டென்றால் அது பேனாதான். மென்பொருளுக்கு அந்த அவசியம் இல்லை. வாக்கம், ஹூயன், எக்ஸ்பி-பென் ஆகிய நிறுவனங்களின் தொடக்க நிலைக் கருவிகள் சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கின்றன.

அழுத்த நிலைகளின் எண்ணிக்கை, அதாவது பேனாவை அழுத்தும் வேறுபாட்டைக் கருவி எத்தனை படிகளாகப் பிரித்தறிகிறது என்பது, பெரும்பாலும் விளம்பரத்துக்கு உதவும் எண். 4096 நிலைகளுக்கும் 8192 நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் கை உணரப்போவதில்லை. மாறாக, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழத் தொடங்குகிறது என்பதைக் கடையிலேயே சோதித்துப் பாருங்கள். அழுத்திக் குத்தினால்தான் கோடு வரும் பேனா சீக்கிரமே மணிக்கட்டை நோகச் செய்யும். மின்கலம் தேவைப்படாத பேனாவாகப் பாருங்கள். உதிரி நிப்கள் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் சொரசொரப்பான பரப்பில் உரசி நிப் தேய்வது இயல்பு. தேய்ந்து விளிம்பு கூராகிவிட்ட நிப் பலகையையே கீறிவிடும்.

வாங்கியவுடன் செய்ய வேண்டிய ஒரு வேலையைப் பலர் செய்வதில்லை. பலகையின் வரைபரப்பும் கணினித் திரையும் ஒரே நீள அகல விகிதத்தில் இராவிட்டால், கை வட்டமாகச் சுழன்றாலும் திரையில் நீள்வட்டம்தான் விழும். பலகையைக் கணினியோடு இயங்கச் செய்யும் ஓட்டுநர் மென்பொருளைத் திறந்து, வரைபரப்பைத் திரையின் விகிதத்துக்கு இணங்க அமைத்துவிட வேண்டும்; அதனால் பலகையின் ஓரத்தில் சிறு பகுதி பயன்படாமல் போனாலும் பரவாயில்லை. கையைப் பார்க்காமல் திரையைப் பார்த்து வரைவது முதலில் எரிச்சலூட்டும் என்பது உண்மை; பிறகு அது தானாகப் பழகிவிடும். திரையின் மேலேயே வரையும் வகைக் கருவிகளை, அதன் பிறகும் தேவை என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளலாம்.

கேள்வி: பேனாவை எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனாகவே விழுகிறது. கருவி பழுதா?

பதில்: பெரும்பாலும் பழுதாக இராது. தேர்ந்தெடுத்த தூரிகையே அழுத்தத்துக்கு இணங்காத வகையாக இருக்கலாம்; வேறு இரண்டு தூரிகைகளில் வரைந்து பாருங்கள். அவற்றிலும் அப்படியே என்றால், கிரிட்டாவின் அமைப்புகளில் டேப்லெட் பகுதிக்குச் சென்று அங்குள்ள சோதனைப் பலகத்தைத் திறந்தால், அழுத்தம் பதிவாகிறதா என்பது எண்களாகவே தெரியும். பதிவாகவில்லையானால் அதே பக்கத்தில் பேனாவின் அசைவை மென்பொருளுக்குத் தெரிவிக்கும் வின்டேப், விண்டோஸ் இங்க் என்னும் இரு முறைகளுள் இப்போது தேர்வில் இல்லாததைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறக்க வேண்டும். முன்பு வேறு நிறுவனத்தின் டேப்லெட்டைப் பயன்படுத்தியிருந்தால், அதன் ஓட்டுநர் மென்பொருளை முற்றிலும் நீக்கிவிடுங்கள். ஒரே கணினியில் இரண்டு இருந்தால் ஒன்றோடொன்று மோதும்.

பேனாவைச் சற்றே ஊன்றினால் திரையில் ஒரு வட்டம் தோன்றிக் கோடு தாமதமாகத் தொடங்குவதாக வேறு இருவரும் எழுதியிருந்தார்கள். ஊன்றிப் பிடித்தால் வலப்பக்கச் சொடுக்கு என்று விண்டோஸ் பொருள்கொள்வதன் விளைவு அது; விண்டோஸின் பேனா அமைப்பில் அந்த வசதியை அணைத்துவிடலாம்.

கேள்வி: என் கோடுகள் நடுங்குகின்றன. தாளில் இப்படி இல்லை.

பதில்: தாளில் நிப்புக்குக் கிடைக்கும் உராய்வு பலகையில் குறைவு. கிரிட்டாவின் தூரிகைக் கருவி அமைப்பில் 'ஸ்டெபிலைசர்' என்ற வசதி உண்டு. அது கோட்டைப் பேனாவுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வந்து நடுக்கத்தைக் களையும். மிகுதியாக வைத்தால் கோடு உயிரற்றுப் போகும். எல்லா ஓவியங்களும் ஒரே அச்சில் வார்த்தவை போலத் தெரியும். திரையை மிக நெருங்கிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு விரல் அசைவில் வரைவதும் நடுக்கத்துக்கு ஒரு காரணம். படத்தைச் சிறிதாக்கி, முழங்கையிலிருந்து ஒரே வீச்சில் இழுத்துப் பாருங்கள். கை வசதியாக நகரும் திசைக்குத் தாளைத் திருப்புவதுபோல இங்கும் 4, 6 ஆகிய விசைகளால் திரைத் தாளைச் சுழற்றலாம். 5 அதை நேராக்கும். எம் விசை படத்தை இடவலமாக மாற்றிக் காட்டும். முகங்கள் வரைபவர்கள் அதை அடிக்கடி அழுத்திப் பார்ப்பது நல்லது: கோணிய கண்ணும் சரிந்த தாடையும் அந்தக் கணத்தில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

கேள்வி: 1080 × 1080 பிக்சலில் வரைந்த ஒரு படத்தை 12 அங்குலச் சதுரமாக அச்சிட்டேன். திரையில் துல்லியமாக இருந்த படம் தாளில் மங்கிக் கலங்கி வந்தது. மயில் நீலம் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. அச்சகத்தின் தவறா?

பதில்: இரண்டு சிக்கல்கள் ஒன்றாக வந்திருக்கின்றன. முதலாவது கணக்கு. 1080 பிக்சலை 12 அங்குலத்துக்குப் பரப்பினால் அங்குலத்துக்கு 90 பிக்சல்தான் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு 300 இருப்பது நல்லது. அதாவது 3600 × 3600 பிக்சலில் தொடங்கியிருக்க வேண்டும். முடிந்த படத்தைப் பிறகு பெரிதாக்கினால் பிக்சல்களின் எண்ணிக்கை கூடுமே ஒழிய, வரையாத நுணுக்கம் வந்துவிடாது. ஆகவே முதல் கோடு போடுவதற்கு முன்பே படம் எங்கே போய்ச் சேரப்போகிறது, கைப்பேசித் திரைக்கா, சுவருக்கா, புத்தகத்துக்கா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்காக எல்லாவற்றையும் 300-இல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. எட்டடிக்கு நான்கடி ஃப்ளெக்ஸ் பதாகையை 300-இல் தொடங்கினால் 28,800 × 14,400 பிக்சலாகி, ஒரே லேயர் 1.6 ஜி.பி.க்கு மேல் விழுங்கிக் கணினியை முடக்கிவிடும். தூரத்திலிருந்து பார்க்கப்படும் அதற்கு 72 போதும். 6912 × 3456 பிக்சலில் வேலை முடிந்துவிடும்.

இரண்டாவது வண்ணம். திரை ஒளியால் வண்ணம் காட்டுகிறது. அச்சு மையால் காட்டுகிறது. ஒளிரும் நீலம், கிளிப்பச்சை, கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பு ஆகியவற்றுக்கு ஈடான நிறத்தை நான்கு மைகளின் கலவையால் எட்ட முடியாது. கிரிட்டாவில் கன்ட்ரோல், ஒய் இரண்டையும் சேர்த்து அழுத்தினால், அச்சில் படம் ஏறக்குறைய எப்படித் தெரியும் என்பதைத் திரையிலேயே காட்டும். முடிவில் பார்த்து வருந்துவதைவிட, வரையும்போதே இடையிடையே அதைப் பார்த்துக்கொள்வது மேல். எல்லாப் படத்தையும் சி.எம்.ஒய்.கே.யாக (அந்த நான்கு மைகளின் வண்ண முறையாக) மாற்றித்தான் அனுப்ப வேண்டும் என்ற அறிவுரையை அப்படியே பின்பற்றாதீர்கள். ஆஃப்செட் அச்சகத்துக்கு அது பொருந்தும். ஒளிப்பட ஸ்டுடியோவின் இயந்திரமும் வீட்டு இங்க்ஜெட் அச்சுப்பொறியும் பொதுவாக ஆர்.ஜி.பி. (திரையின் வண்ண முறையிலான) கோப்பைத்தான் எதிர்பார்க்கின்றன. எனவே அச்சிடுபவரை முதலில் கேளுங்கள். உங்கள் திரையின் வெளிச்சத்தை முழு அளவில் வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். அப்படியானால் எந்தப் படத்தை அச்சிட்டாலும் இருண்டதாகவே தோன்றும்.

படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஒளிப்படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். ஒளிப்படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டுத் தரம் குறைந்துவிடும்.

கேள்வி: மார்கழிக்குக் கோலங்களைக் கணினியில் வரைந்து பார்க்க வழி உண்டா?

பதில்: கிரிட்டாவின் 'மல்டிபிரஷ்' கருவியில் சமச்சீர் வகையைத் தேர்ந்து, தூரிகை எண்ணிக்கையை 8 என்று வையுங்கள். ஓர் இதழை வரையும்போதே மற்ற ஏழு இதழ்களும் மையத்தைச் சுற்றித் தாமாக விழும். புள்ளிகளைத் தனி லேயரில் வைத்துப் பூட்டிவிட்டால் அழிப்பான் அவற்றைத் தொடாது. சிக்குக் கோலத்துக்கு மட்டும் இந்த வசதியை நம்ப வேண்டாம். கோடு எங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் செல்கிறது என்பதைக் கை தானே தொடர்ந்து சென்று முடிப்பதில்தான் அதன் சுவை இருக்கிறது.

கேள்வி: ஓவியத்துக்குள் தமிழில் எழுதினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கின்றன. என்ன செய்வது?

பதில்: யூனிகோடு தமிழில் 'கொ' என்பது ககரமும் ஓர் உயிர்க்குறியும் சேர்ந்தது, அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து எழுத்தின் இருபுறமும் வைக்கும் வேலையை மென்பொருள் செய்தாக வேண்டும். பழைய போட்டோஷாப்பில் அது தானாக நடக்காது; விருப்பங்களில் உள்ள எழுத்துப் பகுதியில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்துப் பொறியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிரிட்டாவின் எழுத்து அமைப்பு, 2023-இல் வந்த 5.2 பதிப்பில் புதிதாக எழுதப்பட்டது. அதற்கு முந்தைய பதிப்பு உங்களிடம் இருந்தால் புதுப்பித்துக்கொள்ளுங்கள். ஜிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் இந்தத் தொல்லை இல்லை. எழுத்தின் வடிவத்தை வளைத்து நெளித்து அழகுபடுத்த விரும்பினால், இங்க்ஸ்கேப்பில் எழுதி அதைப் பாதைகளாக (திருத்தக்கூடிய கோட்டு வடிவங்களாக) மாற்றிக்கொள்வதே சிறந்த வழி. காட்டமரன், மீரா இனிமை, பலூ தம்பி, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகிய எழுத்துருக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய குறியீட்டு எழுத்துருவைத் தேர்ந்துகொண்டு யூனிகோடு விசைப்பலகையில் தட்டச்சு செய்தால் எழுத்து ஒழுங்காக வராது; அதை மென்பொருளின் குறையாகக் கொள்ள வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஐந்து வயது மகளுக்கு எது பொருத்தம்?

பதில்: டக்ஸ் பெயின்ட். குழந்தைகளுக்கென்றே 2002-இல் வெளிவந்த இலவச மென்பொருள் இது. சேமிக்கும்போது கோப்புக்குப் பெயர் கேட்டுத் தொல்லை செய்யாது. வரைந்தவற்றைச் சிறு படங்களாக அடுக்கிக் காட்டும், குழந்தை தொட்டுத் திறந்துகொள்ளலாம். மவுஸே போதுமானது. வீட்டில் அச்சுப்பொறி இருந்தால் மட்டும் அமைப்புகளுக்குச் சென்று, ஓர் அச்சுக்கும் அடுத்த அச்சுக்கும் இடையே இத்தனை நொடி கழிய வேண்டும் என்று வரம்பு வைத்துவிடுங்கள். அச்சு பொத்தானைக் குழந்தை கண்டுபிடித்த நாளில் தாள்கட்டு தீர்ந்துவிடாமல் இருக்கும்.