பேராதனையும் மாவட்டக் கோட்டாவும்

கேள்வி: பேராதனைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1942 இலா, 1952 இலா? மகளை உயர்தரத்துக்குக் கண்டியில் சேர்த்தாலும் நுவரெலியாக் கோட்டா கிடைக்குமா?
- வாசகி, ஹட்டன்

பதில்: இரண்டு வருடமும் சரிதான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 ஜூலை 1 இல் கொழும்பில் பிறந்தது. ஐவர் ஜெனிங்ஸ் முதல் துணைவேந்தர். 1952 இல் பேராதனைக்கு, மகாவலிக் கரைக்குக் குடிவந்தது. 'பேராதனை' என்ற பெயரில் தனியானது 1979 இல்தான்.

பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டவாரியாக ஒதுக்கும் இடங்கள்தான் கோட்டா. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். அடையாள அட்டை முகவரி இங்கே எடுபடாது. உயர்தரப் பரீட்சைக்கு முந்தைய மூன்று வருடம் படித்த பாடசாலையின் மாவட்டமே கணக்கு. இரண்டு மாவட்டமென்றால், கூடுதல் காலம் படித்தது எதுவோ அது. உயர்தரம் முழுக்கக் கண்டியில் படித்தால் பிள்ளை கண்டிக் கணக்குத்தான். நுவரெலியா போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்குரிய மேலதிக 5 வீத இடங்களுக்கான வாய்ப்பும் கைநழுவும். ஏற்கெனவே பாடசாலை மாற்றியிருந்தால், விடுகைப் பத்திரத்தில் சேர்ந்த, விலகிய திகதிகளை இப்போதே சரிபாருங்கள்.