பரிசாகக் கொடுக்கும் வாடாத ரோஜா நிஜப் பூதானா? எத்தனை நாள் தாங்கும்?

நிஜப் பூவேதான். நன்றாக மலர்ந்த ரோஜாவைப் பறித்து முதலில் ஆல்கஹாலில் ஊறவைப்பார்கள். இதழிலுள்ள தண்ணீரும் இயற்கை நிறமும் வெளியேறி, பூ வெளுத்துப்போகும். பிறகு கிளிசரினும் சாயமும் கலந்த கரைசலில் மூழ்க வைத்தால், தண்ணீர் இருந்த இடத்தில் கிளிசரின் போய் உட்கார்ந்துவிடும். கிளிசரின் எளிதில் ஆவியாகாது. அதனால்தான் இதழ் மொறமொறப்பாகாமல் மெத்தென்றே இருக்கிறது. தோட்டத்தில் பூக்காத நீல ரோஜா கடையில் கிடைப்பதும் அந்தச் சாயத்தால்தான். வாசனை மட்டும் மிஞ்சாது. மணக்கிறது என்றால் சென்ட் தெளித்திருக்கிறார்கள்.

ஒன்றிலிருந்து மூன்று ஆண்டு தாங்கும். ஆனால் கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் திறந்து வைத்தால் இதழ் கண்ணாடி போல ஊடுருவித் தெரிய ஆரம்பிக்கும், ஓரத்தில் சாயம் கசியும். அடர் சிவப்பு என்றால் வெள்ளைத் துணியில் கறையே பிடிக்கும். ஆகவே மூடிய குடுவையில் இருப்பதையே வாங்குங்கள். நேர் வெயில் படக்கூடாது, தண்ணீர் தெளிக்கவே கூடாது. தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினால் போதும்.

கல்யாண மாலைப் பூவைப் பத்திரப்படுத்த நினைப்பவர்களுக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்தான் என் சிபாரிசு. காற்றுப் புகாத டப்பாவில் மணல் போன்ற பொடி ஜெல்லைப் பரப்பி, பூ வாடுவதற்குள் இதழ் இடுக்கெல்லாம் நிரம்புமாறு புதைத்து, ஒரு வாரம் விடுங்கள். உருவம் அப்படியே நிற்கும், ஆனால் இதழ் எளிதில் நொறுங்கும். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்துவிடுவது நல்லது.