கம்பெனி பெயர் இருந்தால் சங்கம் பதிவாகாதா?

தோழர், தொழிற்சங்கப் பெயரில் கம்பெனி பெயர் இருப்பதால் பதிவு கிடைக்காது என்று உங்கள் ஹெச்.ஆர். சொன்னதை நம்பி மனுவைத் திரும்பப் பெறாதீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலையிலும் இதே ஆட்சேபம்தான். 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அமைச்சர்கள் தலையிட்டுப் பேசி முடித்தார்கள், பதிவு மட்டும் இழுத்துக்கொண்டே போனது. உயர் நீதிமன்றம் ஆறு வாரக் கெடு விதித்த பிறகே 2025 ஜனவரியில் பதிவானது, சாம்சங் பெயரோடுதான்!

விண்ணப்பிக்க ஏழு பேர் போதும். ஆனால் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். மனு கொடுத்த ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். தொழிலாளர் துறை இழுத்தடித்தால் ரிட் மனு (அதிகாரிக்கு உத்தரவிடக் கேட்டு உயர் நீதிமன்றத்தில் போடும் மனு) போட அதுதான் ஆதாரம்.