21ஆ, 13ஆ: அலபாமா குழுவின் முதலிடக் கணக்கு

வணக்கம் ஐயா,

சில மாதங்களாக அமெரிக்க கன்ட்ரி இசை கேட்டுவருகிறேன். அதில் அலபாமா குழு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அவர்களைப் பற்றி எங்கே படித்தாலும் ‘தொடர்ந்து 21 பாடல்கள் முதலிடம்’ என்று போட்டிருக்கிறார்கள். ஒரு நண்பர், “அது கணக்கில் செய்த தில்லுமுல்லு, நடுவில் ஒரு பாட்டு 35ஆம் இடத்தோடு நின்றுபோனது” என்கிறார். இன்னொருவர், “ரெக்கார்டில் வாசித்ததே அவர்கள் இல்லை, ஸ்டூடியோ ஆட்கள்” என்கிறார். எது உண்மை? பீட்டில்ஸுக்கே மொத்தம் 20 முதலிடங்கள்தானே, அப்படியானால் இவர்கள் அவர்களைவிடப் பெரிய குழுவா? எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர்கள் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதை வைத்து அவர்கள் போடும் தீர்ப்புதான் சரியில்லை.

அந்த 35ஐ முதலில் பார்த்துவிடுவோம். 1980 ஆகஸ்டில் ‘டென்னசி ரிவர்’, அமெரிக்க இசைத்தொழில் இதழான பில்போர்டின் கன்ட்ரி சிங்கிள்ஸ் (தனிப்பாட்டு ரெக்கார்டுகள்) பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதிலிருந்து 1982இல் வந்த ‘க்ளோஸ் இனஃப் டு பெர்ஃபெக்ட்’ வரை 8 சிங்கிள்கள், ஒன்றுவிடாமல் முதலிடம். அந்த வருடக் கடைசியில் ‘கிறிஸ்துமஸ் இன் டிக்ஸி’ வந்தது, 35ஆம் இடத்தோடு நின்றது. 1983இல் ‘டிக்ஸிலேண்ட் டிலைட்’ தொடங்கி 1987இல் ‘யூவ் காட் த டச்’ வரை மறுபடி 13 சிங்கிள்கள் முதலிடம். அடுத்து வந்த ‘டார் டாப்’ 7ஆம் இடத்தோடு நின்றதும் வரிசை முறிந்தது. கிறிஸ்துமஸ் பாட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் 21. சேர்த்தால் அதிகபட்சம் 13.

இதற்கு ஏன் இவ்வளவு சண்டை என்றால், இடையில் கன்ட்ரி பாடகர் சன்னி ஜேம்ஸ் இருக்கிறார். 1967 முதல் 1971 வரை தொடர்ந்து 16 சிங்கிள்களை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். 1985இல் ‘ஃபார்ட்டி அவர் வீக்’ முதலிடம் வந்தபோது அது அலபாமாவின் 17ஆவது, சாதனை முறியடிக்கப்பட்டது என்றார்கள். ஆனால் 13தான் சரியென்றால் சன்னி ஜேம்ஸின் 16ஐ அவர்கள் தொடவே இல்லை. அவருடைய ரசிகர்கள் இந்த 35ஆம் இடத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

என் கட்சி 21. அந்தக் காலத்தில் ஒரு கன்ட்ரி சிங்கிள் பட்டியலின் அடியிலிருந்து உச்சிக்கு ஏற மூன்று மாதத்துக்குப் பக்கமாக ஆகும். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ரேடியோவில் ஆயுள் நாலைந்து வாரம். டிசம்பர் 26ஆம் தேதி காலையில் எல்லா நிலையங்களும் அதைத் தூக்கிவிடும். முதலிடத்துக்கு ஏற நேரமே இல்லாத ஒரு பாட்டை, ஏறவில்லை என்று தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் ‘பண்டிகைப் பாட்டு நீங்கலாக’ என்ற வார்த்தையைச் சேர்க்காமல் 21 என்று மட்டும் சொல்வதும் முறையில்லை. ரெக்கார்ட் கம்பெனிக்காரர்கள் அந்த வார்த்தையை விட்டுவிடுவார்கள், அது அவர்கள் தொழில்.

உங்கள் நண்பர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பாப் பாடகர் லயனல் ரிச்சியின் ‘டீப் ரிவர் வுமன்’ பாட்டில் அலபாமா சேர்ந்து பாடியிருக்கிறார்கள். ‘பாலரீனா கேர்ல்’ சிங்கிளின் மறுபக்கத்தில் இருந்த பாட்டு. 1987 தொடக்கத்தில் கன்ட்ரி பட்டியலில் 10ஆம் இடம் வரை வந்தது. வரிசை ஓடிக்கொண்டிருந்த காலம்தான், ஆனாலும் இதனால் வரிசை முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை. ரெக்கார்டில் முதல் பெயர் ரிச்சியுடையது, எனவே அது அவர் கணக்கு. இது எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி.

இனி பீட்டில்ஸ். அவர்களுடைய 20 முதலிடங்கள் பில்போர்டின் பொதுப் பட்டியலான ஹாட் 100இல் வந்தவை. எல்லா வகை இசையும் மோதும் இடம் அது. அந்தப் பட்டியலில் அலபாமாவின் உச்சம் ‘லவ் இன் த ஃபர்ஸ்ட் டிகிரி’ பிடித்த 15ஆம் இடம். ஆகவே இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே முடியாது. ஹாட் 100இல் தொடர் முதலிடம் என்பது எவ்வளவு அரிது என்பதற்கு விட்னி ஹூஸ்டனைப் பாருங்கள். 1985க்கும் 1988க்கும் இடையில் 7, அதுவே பெரிய சாதனை.

கன்ட்ரி பட்டியலில் மட்டும் 21 எப்படிச் சாத்தியமாயிற்று? பட்டியல் தயாரான விதத்தைப் பார்த்தால் புரியும். 1990க்கு முன்பு பில்போர்டு சில ரேடியோ நிலையங்களைத் தேர்ந்து, வாராவாரம் அவற்றின் பாடல் வரிசையைக் கேட்டு வாங்கியது. நிலையத்தின் இசைப் பொறுப்பாளர் ‘எங்களிடம் இந்த வாரம் இது 3ஆம் இடம், இது 9’ என்று சொல்வார். பெரிய நகரத்து நிலையத்துக்கு அதிக மதிப்பெண், சின்ன ஊருக்குக் குறைவு. கடைகள் சொல்லும் விற்பனை நிலவரமும் சேரும். கவனியுங்கள்: பாட்டு எத்தனை தடவை ஒலிபரப்பானது என்று யாரும் எண்ணவில்லை. நிலையம் சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

இதனால் இரண்டு காரியம் நடந்தது. கம்பெனியின் ப்ரமோஷன் ஆட்களுக்கு வேலையே, எல்லா நிலையங்களும் ஒரே வாரத்தில் தங்கள் பாட்டை உச்சியில் வைக்கும்படி பார்த்துக்கொள்வது. பாதிப் பேர் இந்த வாரம், மீதிப் பேர் அடுத்த வாரம் என்று சிதறினால் பாட்டு 2ஆம் இடத்தோடு போய்விடும். இரண்டாவது, உச்சிக்குப் போன பாட்டை நிலையங்கள் உடனே கீழே இறக்கிவிடும், அடுத்த பாட்டு காத்திருக்கிறது. அதனால் 80களின் நடுவில் கன்ட்ரி பட்டியலில் ஏறக்குறைய வாரத்துக்கு ஒரு புது முதலிடம். அலபாமாவின் 21இல் பெரும்பாலானவை ஒரே ஒரு வாரம்தான் உச்சியில் இருந்தன. பீட்டில்ஸின் ‘ஹே ஜூட்’ ஹாட் 100இல் 9 வாரம் இருந்தது.

1990 ஜனவரியில் பில்போர்டு, ஒலிபரப்பைக் கருவியால் கண்டறிந்து எண்ணும் பி.டி.எஸ். முறைக்கு மாறியது. நிலையம் வாயால் சொல்வது போய், காற்றில் உண்மையில் என்ன போகிறது என்பது கணக்கில் வந்தது. வருடத்துக்கு வரும் முதலிடப் பாடல்களின் எண்ணிக்கை சட்டென்று பாதியளவுக்குக் குறைந்தது, ஒவ்வொரு பாட்டும் உச்சியில் அதிக வாரம் தங்கியது. அதே ஆண்டு அலபாமாவின் ‘ஜூக்பாக்ஸ் இன் மை மைண்ட்’ 4 வாரம் முதலிடத்தில் இருந்தது. குழு அப்போது தன் உச்சத்தைத் தாண்டிவிட்டிருந்தது, மாறியது அளவுகோல்தான்.

அப்படியானால் வெறும் ப்ரமோஷன்தானா என்று கேட்பீர்கள். இல்லை. இதே முறையில், இதே ஆட்களை வைத்துக்கொண்டு, மற்றவர்களும் ஓடினார்கள். கன்ட்ரி பாடகர் ரானி மில்சாப் 80களின் தொடக்கத்தில் தொடர்ந்து 10 வரை போனார், அவரும் இதே ஆர்.சி.ஏ. கம்பெனிதான். ப்ரமோஷன் ஒரு பாட்டை 6ஆம் இடத்திலிருந்து 1க்குத் தள்ளும். நேயர் கேட்டதும் ஸ்டேஷனை மாற்றிவிடும் பாட்டை எந்த நிலையமும் ஏழு வருடம் சுமக்காது. அலபாமாவின் வெற்றிக்கு எனக்குச் சாட்சி சிங்கிள் பட்டியல் அல்ல, ஆல்பங்கள். ‘ஃபீல்ஸ் ஸோ ரைட்’ (1981) 40 லட்சம், ‘மவுண்டன் மியூசிக்’ (1982) 50 லட்சம், ‘த க்ளோசர் யூ கெட்’ (1983) 40 லட்சம், ‘ரோல் ஆன்’ (1984) 40 லட்சம். இவை அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனிகளின் சங்கமான ஆர்.ஐ.ஏ.ஏ. தரும் சான்றிதழ் எண்கள், அமெரிக்காவுக்குள் மட்டும். அங்கே காசு கொடுத்தவர் நேயரே, இசைப் பொறுப்பாளர் அல்ல.

அந்தச் சான்றிதழையும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். அது கம்பெனி கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. கம்பெனி விண்ணப்பித்துத் தணிக்கைக்குப் பணம் கட்டினால்தான் சான்றிதழ் வரும், தானாக வராது. 2016க்குப் பிறகு வந்த ஆல்பம் சான்றிதழ் என்றால் அதில் ஸ்ட்ரீமிங்கும் சேர்ந்திருக்கும், 1,500 தடவை கேட்டால் ஒரு ஆல்பம் விற்றதாகக் கணக்கு. அதேபோல் ‘முதலிடம்’ என்று எங்கே பார்த்தாலும் எந்தப் பட்டியல், எந்த ஆண்டு, எத்தனை வாரம், எதைக் கழித்திருக்கிறார்கள் என்று நாலு கேள்வி கேளுங்கள். பில்போர்டு இதழில் அச்சாகும் தேதி அது கடைக்கு வந்த நாளுக்குப் பிந்தியது என்பதால், இரண்டு புத்தகங்களில் ஒரே பாட்டுக்கு ஒரு வாரம் வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம்.

இரண்டாவது நண்பரிடம் வருவோம். ராண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெஃப் குக் மூவரும் அலபாமா மாநிலத்து ஃபோர்ட் பெய்ன்காரர்கள், உறவினர்கள். 1973 முதல் தெற்கு கரோலினாவில் மிர்ட்டில் பீச் கடற்கரையில் ‘த பவரி’ என்ற மதுக்கடையில் டிப்ஸுக்கு வாசித்தார்கள். சீசனில் வாரத்துக்கு ஆறு ராத்திரி. வருகிறவர் கேட்பதை வாசித்தால்தான் ஜாடியில் காசு விழும். கன்ட்ரியும் வரும், ராக்கும் வரும். சொந்தமாகப் பதிந்த ரெக்கார்டுகளை அங்கேயே விற்றார்கள். 1977இல் ஜி.ஆர்.டி. கம்பெனியில் வந்த முதல் சிங்கிள் 78ஆம் இடம். கம்பெனி திவாலானது. ஒப்பந்தத்தில் இருந்த ஒரு ஷரத்தால் வேறு எங்கும் பதிவு செய்ய முடியாமல், பணம் சேர்த்துக் கட்டி வெளியே வந்தார்கள். பிறகு சின்ன நிறுவனமான எம்.டி.ஜே. வழியாக 33ஆம் இடம், 17ஆம் இடம் என்று ஏறி, 1980இல் ஆர்.சி.ஏ.வுக்குப் போனார்கள்.

கன்ட்ரி இசைத்தொழிலின் தலைநகரான நாஷ்வில்லில் அப்போது ‘குழு’ என்றாலே சந்தேகம். பாடகர் ஒருவர், வாத்தியத்துக்கு ஸ்டூடியோ ஆட்கள், அதுதான் வழக்கம். ரெக்கார்ட் கம்பெனிகளின் கண்ணில் படவைத்த 1980 ‘நியூ ஃபேசஸ்’ நிகழ்ச்சியிலேயே அலபாமாவைத் தங்கள் வாத்தியங்களை வாசிக்க விடவில்லை. மேடையின் சொந்த வாத்தியக்காரர்களோடு பாட மட்டும்தான் செய்தார்கள்.

ஸ்டூடியோவிலும் பெருமளவு அதே கதை. தயாரிப்பாளர் ஹரால்ட் ஷெட். குரல்கள் மூவருடையவை, அதில் சந்தேகம் வேண்டாம். ட்ரம்ஸ் மட்டும், 1979இல் சேர்ந்த மார்க் ஹெர்ண்டன் மேடையில் வாசித்தாலும், ரெக்கார்டுகளில் பெரும்பாலும் ஸ்டூடியோ ஆட்கள் வாசித்ததே. மற்ற வாத்தியங்களிலும் ஸ்டூடியோ ஆட்கள் கலந்திருக்கிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது, காரணம் நேரக் கணக்கு. தொழிற்சங்க விதிப்படி ஒரு செஷன், அதாவது ஒரு பதிவு அமர்வு, 3 மணி நேரம். அதற்குள் மூன்று, நாலு பாட்டின் அடித்தளம் முடிய வேண்டும், தாண்டினால் கூடுதல் சம்பளம். ஒலிப்பதிவு நாடாவும் விலை கூடிய சரக்கு. 2 அங்குல அகல நாடா 2,500 அடிச் சுருளாக வரும், விநாடிக்கு 30 அங்குலம் ஓட்டினால் 16 நிமிடத்துச் சொச்சத்தில் தீர்ந்துவிடும். ஒரு பாட்டை நாலு தடவை வாசித்தால் ஒரு சுருள் காலி. ஸ்டூடியோ ஆட்கள் முழு நொட்டேஷன் எழுதுவதில்லை, கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளை) எண்ணில் எழுதுவார்கள். ஜி கட்டையில் 1 என்றால் ஜி, 4 என்றால் சி, 5 என்றால் டி. பாடகருக்குத் தொண்டை ஒத்துழைக்கவில்லை, ஒரு கட்டை இறக்க வேண்டுமென்றால் தாளில் ஒன்றும் மாற்ற வேண்டாம். சுருதி மாறினாலும் ஸ்வரப்பேர் மாறாத நம் வழக்கம் மாதிரிதான். இரண்டு தடவை வாசித்துப் பார்த்துவிட்டு மூன்றாவதில் பதிவாகிவிடும்.

மேடைக் குழுவின் வழக்கமான சிக்கல் காலப்பிரமாணம். கூட்டம் கைதட்டினால் வேகம் தானாக ஏறும், மதுக்கடையில் அது குணம். நாடாவில் அதுவே குற்றம். முதல் தடவையின் சரணமும் மூன்றாம் தடவையின் பல்லவியும் வேறு வேறு வேகத்தில் இருந்தால், பிளேடால் வெட்டி ஒட்டும்போது இணைப்பில் இடறும். ‘மவுண்டன் மியூசிக்’ கடைசியில் ஃபிடில் வந்து வேகம் எகிறுவதைக் கேளுங்கள். அது கைமீறிப்போன வேகமில்லை, திட்டமிட்டு ஏற்றியது. அதுவரை தாளம் அசையாமல் நின்றதால்தான் அந்த இடம் தூக்குகிறது.

பாட்டுத் தேர்விலும் இதே கறார். ‘டேக் மீ டவுன்’, ‘த க்ளோசர் யூ கெட்’ இரண்டும் எக்ஸைல் குழு முதலில் பாடிப் பெரிதாக எடுபடாதவை. ‘டச் மீ வென் வீ ஆர் டான்சிங்’ கார்பென்டர்ஸ் பாடிப் பிரபலமானது. ராண்டி ஓவன் தானே எழுதிய ‘ஃபீல்ஸ் ஸோ ரைட்’, ‘லேடி டவுன் ஆன் லவ்’ போன்றவை இவற்றோடு கலந்து வந்தன. சொந்தப் பாட்டுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருந்தால் வரிசை எப்போதோ முறிந்திருக்கும். வரிசையை முறித்த ‘டார் டாப்’ ஓவன் தன் பட்டப்பெயரையே வைத்துத் தன்னைப் பற்றி எழுதிய பாட்டு.

எங்கிருந்து தொடங்குவது? 1986இன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ வேண்டாம், அது சிங்கிள்களின் கோவை. ‘மை ஹோம்ஸ் இன் அலபாமா’ (1980) ஆல்பத்தை எடுங்கள். தலைப்புப் பாட்டு ஆல்பத்தில் ஆறு நிமிடத்துக்கு மேல், கிதார் நீளமாக அலையும். ரேடியோவுக்குப் போன சிங்கிள் அதை வெட்டிச் சுருக்கியது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு ‘மவுண்டன் மியூசிக்’ முழுதாக. அதற்குப் பிறகு ‘ரோல் ஆன்’: அதன் நாலு சிங்கிள்களும் முதலிடம் போனவை, ஆனால் சத்தம் வழவழப்பாகிவிட்டிருக்கும், எனக்கு அதில் பாதிதான் பிடிக்கும். 1985க்குப் பிந்தையவற்றை அவசரமில்லாமல் கேட்டுக்கொள்ளலாம்.